மரை தீர்ந்த போல்ட்டும் இரண்டு ஓரகத்திகளும்

டிராக்டரின் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு, பெரியவள் கொட்டகைத் தரையில் ஒரு பழைய சாக்கை விரித்து மல்லாந்து படுத்தாள். தலையை டிராக்டரின் வயிற்றுக்கடியில் நுழைத்து, இடப்பக்கத்துப் போல்ட்டை ஸ்பேனரால் பிடித்துத் திருகினாள். கொஞ்சம் போனது. அப்புறம் நின்றது. எண்ணெய் விட்டுப் பார்த்தாள், அசையவில்லை. விரலால் தடவியபோதுதான் தெரிந்தது, திருகுவதற்கு இனி மரையே இல்லை.

"அடப்பாவி!" என்றாள் டிராக்டரைப் பார்த்து. "முழுசா முழுங்கிட்டியா?"

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெரியவளுக்கும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஆனால் அந்தப் படபடப்போடு ஒட்டிக்கொண்டு ஒரு துள்ளலும் வந்தது. இயந்திரம் எதையோ ஒளித்து வைத்திருக்கிறது என்று தெரிந்தால் அவளுக்கு எப்போதும் அப்படித்தான். பூட்டிய பெட்டியைக் கண்ட குழந்தை மாதிரி ஆகிவிடுவாள்.

பெரியவள் என்பது வீட்டில் விழுந்த பெயர். அண்ணன் தம்பி இருவரில் அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். ஒரே வீட்டில் மாடியில் ஒரு குடித்தனம், கீழே ஒரு குடித்தனம். அண்ணனும் தம்பியும் லாரி ஓட்டுகிறவர்கள். ஆளுக்கொரு திசையில் போய்க்கொண்டே இருப்பார்கள், வீட்டுக்கு வந்தால் தூங்குவார்கள். அதனால் அந்த வீடு ஓரகத்திகள் இருவரின் ஆட்சியில்தான் நடந்தது. தெருவில் பெரியவளுக்கு வேறொரு பெயரும் உண்டு, டிராக்டரக்கா.

அந்தப் பெயர் வருவதற்கு முன்னால் அவள் பல வருஷம் துணி ஆலையில் தையல் வேலை பார்த்தவள். பாவாடை, கவுன், பள்ளிச் சீருடை என்று அவள் கையில் போகாத துணி கிடையாது. பக்கத்து மிஷின் நின்றுபோனால் மெக்கானிக் வருவதற்குள் தானே எழுந்து போய்த் திறந்து பார்த்துவிடுவாள். அதற்காகத் திட்டும் வாங்குவாள். ஆலையை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கொஞ்ச காலம் வீட்டில் இருந்தாள். கை சும்மா இருந்தால் அவளுக்கு ஜுரம் வந்த மாதிரி ஆகிவிடும். அப்போது ஒருநாள், யாரோ வீட்டைக் காலி செய்கிறார்கள், சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் துணி துவைக்கிற மிஷின் பார்க்கப் போனாள். டிராக்டரோடு திரும்பி வந்தாள்.

தூக்கக் கலக்கத்தில் வாசலுக்கு வந்த புருஷன் டிராக்டரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுல துணிய எந்தப் பக்கமா போடறது?" என்று கேட்டது இன்றைக்கும் குடும்பத்தில் நடமாடும் நகைச்சுவை.

அது வயலுக்குப் போகிற பெரிய டிராக்டர் அல்ல. தோட்டம், மைதானம் இவற்றுக்கென்று செய்த குட்டி டிராக்டர். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில், கவிழ்த்து வைத்த அகலமான தட்டு மாதிரி ஓர் இரும்புப் பெட்டி தொங்கும். அதற்குள் கத்திகள் சுழன்று புல்லை வெட்டும். செய்தவர்கள் அதற்கு டெக் என்று பெயர் வைத்திருந்தார்கள். பெரியவள் அதைப் பாவாடை என்பாள். ஓட்டுகிறவர் ஒரு நெம்புகோலை இழுத்தால் பாவாடை மேலே போகும், விட்டால் கீழே வரும். எந்த உயரத்தில் நிற்கிறதோ அந்த உயரத்தில் புல் வெட்டுப்படும். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நின்றால் வெட்டு சமமாக வரும். ஒரு பக்கம் இறங்கினால் அந்தப் பக்கத்துப் புல் மொட்டையாகிவிடும்.

நேற்று அதுதான் நடந்தது. நடக்கக்கூடாத இடத்தில் நடந்தது.

இத்தனை நாளும் ஓரகத்திகள் இருவரும் முறை வைத்து டிராக்டர் ஓட்டி, கூலிக்கு வெட்டியது வீட்டுத் தோட்டங்கள், ஆஸ்பத்திரி வாசல், கல்லறைத் தோட்டம் இப்படித்தான். முதல் முறையாகப் பெரிய கால்பந்து மைதானம் ஒன்று கைக்கு வந்திருந்தது. இன்று மாலை அங்கே பெண்கள் அணிகளின் இறுதி ஆட்டம். மைதானத்தின் செயலாளர், சிரிப்பதற்குக்கூட யோசித்து முடிவெடுக்கும் மனிதர், "ஒரு தடவை வெட்டிக் காட்டுங்க. நல்லா இருந்தா சீசன் முழுக்க உங்களுக்கே" என்றிருந்தார். அந்த வார்த்தையை நம்பிச் சின்னவள் பேக்கரி வேலையை விட்டுவிட்டாள். விட்டுவிட்டுத்தான் வந்து சொன்னாள்.

நேற்று மதியம் பெரியவள் மைதானத்தின் நீள ஓரத்தில் முதல் கோட்டை ஓட்டினாள். கடைசியில் திரும்பிப் பார்த்தாள். பச்சை மைதானத்தின் விளிம்பில் யாரோ சவரக்கத்தியை இழுத்த மாதிரி, மண் தெரிய ஒரு மொட்டைப் பட்டை. செயலாளர் குடையை ஊன்றிக்கொண்டு அதையே பார்த்தார்.

"என்னம்மா இது, முடி வெட்டச் சொன்னா மொட்டை அடிச்சிருக்கீங்க?"

"சார், மிஷின் ஒரு பக்கம் இறங்குது. சரி பண்ணிட்டு வந்துடறேன்."

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வாங்க. இல்லேன்னா வேற ஆள் வருவாங்க. அவங்களுக்கு மூணு மிஷின் இருக்கு."

கோபம் இல்லாமல் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

இப்போது பெரியவள் சாக்கின்மேல் எழுந்து உட்கார்ந்து, தீர்ந்துபோன மரையைப் பற்றி யோசித்தாள். பாவாடையை டிராக்டரோடு சேர்த்துப் பிடித்துத் தொங்கவிடும் கம்பிகளில், ஒவ்வொரு பக்கமும் ஒரு போல்ட் உண்டு. அதைத் திருகினால் அந்தப் பக்கம் மேலே ஏறும். இடப்பக்கம் இறங்குகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவள் அவ்வப்போது கொஞ்சம் திருகிவிட்டதுண்டு. கொஞ்சம்தான். அதற்குள் இவ்வளவு மரையும் எப்படித் தீரும்?

சின்னவள் ஒரு கையில் காபியும் இன்னொரு கையில் கிரீஸ் துப்பாக்கியுமாக உள்ளே வந்தாள். பேக்கரியில் பெரிய மாவுச் சட்டிகளைத் தூக்கித் தூக்கி முறுக்கேறிய தோள்கள் அவளுக்கு. பேச்சு மட்டும் பூ மாதிரி இருக்கும், பெரியவளிடம் பேசும்போது.

"அக்கா, ராத்திரி தூங்கினீங்களா?"

"தூங்கினேன். கனவுல பூரா மொட்டைத் தலையா வந்துச்சு."

சின்னவள் சிரித்தாள். பெரியவள் சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமினாள்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. நீ ஓட்டுற அன்னிக்கு இந்த இடப்பக்கத்தை இறக்கி வைக்கிறியா?"

"நானா?" சின்னவளின் கண் விரிந்தது. "அய்யோ அக்கா, நான் எதுக்கு இறக்கப் போறேன்? நான் ஏத்தில்ல வைக்கிறேன்!"

"என்னது?"

"நீங்க இறக்கி வச்சிருப்பீங்க, உங்க உயரத்துக்கு அப்படித்தான் வசதி போலன்னு நெனச்சேன். சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னுட்டு, ஒவ்வொரு தடவையும் கிளம்புறதுக்கு முன்னாடி யாருக்கும் தெரியாம கொஞ்சம் திருகிட்டுப் போவேன்."

பெரியவள் ஸ்பேனரைக் கீழே போட்டாள்.

"நானும் அதையேதான்டி பண்ணிக்கிட்டு இருந்தேன்!"

"நீங்களுமா?"

"நீதான் இறக்கறன்னு நெனச்சேன். சொன்னா, பெரியவன்னு அதிகாரம் பண்றாங்கன்னு நெனப்பியேன்னு வாயத் தொறக்கல. நீ ஓட்டிட்டு வந்து விட்டப்புறம் திருகி வைப்பேன்."

இருவரும் ஒரே நேரத்தில் வெடித்துச் சிரித்தார்கள். சின்னவளின் காபி சாக்கில் சிந்தியது. ஒரே அடுப்படியில் உரசிக்கொள்ளாமல் வாழ்ந்துவிட வேண்டும் என்று இரண்டு பேரும் எடுத்துக்கொண்ட சிரத்தை அப்படி. குழம்பில் உப்பு கூடிவிட்டாலும் ஒருத்தி சொல்லமாட்டாள், இன்னொருத்தி கேட்கமாட்டாள். அந்த மரியாதையெல்லாம் சேர்ந்து ஒரு போல்ட்டின் மரையைத் தின்று தீர்த்திருந்தது.

"இருங்க அக்கா," என்றாள் சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீங்களும் ஏத்தறீங்க. நானும் ஏத்தறேன். அப்ப இறக்கறது யாரு?"

அந்தக் கேள்வியில் பெரியவளுக்குச் சுரீரென்றது. சிரிப்பு அப்படியே நின்றது. யாரும் இறக்கவில்லை. தானாக இறங்குகிறது. இத்தனை நாளும் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

பாவாடை ஒரு பக்கம் இறங்கினால் புதிதாகத் தைக்க வந்தவள் என்ன செய்வாள்? ஓரத்தை மடித்துத் தைப்பாள். மறுநாள் மறுபடி இறங்கும், மறுபடி மடிப்பாள். ஆலையில் எத்தனை பெண்களை அவளே இதற்காகக் கிண்டல் செய்திருக்கிறாள்! கோளாறு ஓரத்தில் இருக்காது, இடுப்பில் இருக்கும். இடுப்புப் பட்டி கோணினால் ஓரம் எப்படி நேராக நிற்கும்?

"சின்னவளே," என்றாள் பெரியவள். "இடுப்பு!"

"இடுப்பு வலிக்குதா? எழுந்திருங்க, நான் பிடிச்சுக்கிறேன்."

"எனக்கில்லடி! டிராக்டருக்கு!"

மறுபடி சாக்கில் விழுந்து உள்ளே புகுந்தாள். இந்த முறை கீழே தொங்கும் கம்பிகளைப் பார்க்கவில்லை. அவை மேலே எங்கே போய்ச் சேருகின்றன என்று பார்த்தாள். வண்டியின் குறுக்கே ஓர் இரும்புத் தண்டு. நெம்புகோலை இழுத்தால் அந்தத் தண்டுதான் உருண்டு, தன் இரு கைகளாலும் பாவாடையைத் தூக்கும். தண்டின் இரு முனைகளும் இரண்டு துளைகளுக்குள் உட்கார்ந்திருந்தன. துளைக்குள் தேய்மானத்தைத் தாங்க ஒரு வெண்கல வளையம், புஷ். பெரியவள் வலப்பக்க முனையைப் பிடித்து ஆட்டினாள். ஆடவில்லை. இடப்பக்கத்தைப் பிடித்து ஆட்டினாள்.

லொடக்.

"கேட்டுச்சா?" என்று கத்தினாள்.

"கேட்டுச்சு!" என்று கத்தினாள் சின்னவள்.

லொடக், லொடக். பழைய கட்டில் மாதிரி ஆடியது. பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கெட்டுப்போன பாகத்தைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் அந்தத் தெருவில் வேறு யாரும் இருக்க முடியாது.

கிரீஸ் அடைக்கும் மூக்கு வலப்பக்கம் பளிச்சென்று தெரிந்தது. இடப்பக்கம் அந்த இடத்தில் காய்ந்த புல்லும் மண்ணும் கல்லாக இறுகிக் கிடந்தன. திருப்புளியால் பெயர்த்தபோது உள்ளேயிருந்து அதே மாதிரி ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. முன்பு வைத்திருந்தவர்களும் அதைப் பார்த்ததில்லை, இவர்களும் பார்த்ததில்லை. ஒரு பக்கம் கொழுக்க, மறுபக்கம் பட்டினி கிடந்திருக்கிறது.

அப்புறம் வேலை மளமளவென்று ஓடியது. பாவாடையைத் தரையிலிருந்த மரக்கட்டைகளின்மேல் இறக்கி உட்கார வைத்தார்கள். பின்களை உருவினார்கள். பெல்ட்டைக் கழற்றினார்கள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பாவாடையை வெளியே இழுத்தபோது சின்னவள், "மாவுச் சட்டிய விட லேசுதான்" என்றாள். மூச்சு வாங்கியது. தண்டு மட்டும் வரமாட்டேன் என்றது. இடப்பக்கத்துப் புஷ் துளையோடு துரு கட்டிப் பிடித்திருந்தது. எண்ணெய் விட்டு, காத்திருந்து, மரச்சுத்தியலால் தட்டி, மறுபடி எண்ணெய் விட்டு, "வாடா ராஜா, வாடா கண்ணு" என்று கெஞ்சி, கடைசியில் பெரியவள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதும் வந்தது.

வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். தண்டோடு சேர்ந்து வந்த புஷ் ஒரு பக்கம் காகிதமாகத் தேய்ந்திருந்தது. வட்டமாக இருக்க வேண்டியது முட்டையாகிவிட்டது. தண்டிலிருந்து நீளும் இரும்புக் கையில், கம்பி மாட்டும் ஓட்டையும் நீண்டுபோயிருந்தது.

"நீ கத்தியக் கூர் பண்ணி, டயர்ல காத்து பார்த்து வை. ரெண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கணும். நான் லேத்துக்காரர்கிட்ட போறேன்."

"இன்னிக்கு லீவு நாள் அக்கா, திறந்திருப்பாரா?"

"திறக்க வைக்கிறேன்."

லேத்துக்காரர் பட்டறையின் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, வாசலில் உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். பெரியவள் ஸ்கூட்டரிலிருந்து தண்டோடு இறங்குவதைப் பார்த்ததும் ஷட்டரை இறக்கக் கையைத் தூக்கினார்.

"அக்கா, இன்னிக்குக் கடை இல்ல. நாளன்னிக்கு வாங்க."

"சாயங்காலம் மேட்ச் இருக்குண்ணே. புல்லு வெட்டலேன்னா எங்க பொழப்பு போச்சு."

"மேட்ச்சுன்னா நான் என்ன பண்றது? வீட்ல விருந்தாளி வந்திருக்காங்க. அவங்ககிட்டேருந்து தப்பிச்சுத்தான் இங்க வந்து செருப்பு தைச்சிட்டிருக்கேன்."

"அப்ப நல்லதாப் போச்சு. அவசர வேலைன்னு சொல்லிடுங்க. திரும்பிப் போகவே வேணாம்."

லேத்துக்காரர் செருப்பைக் கீழே வைத்தார். மனம் அசைந்தது தெரிந்தது. ஆனாலும் புஷ்ஷை வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"வெண்கலத்துல கடையணும். சின்ன வேலை இல்ல."

"கடைய வரலேன்னு சொல்லுங்க, நான் போயிடறேன்."

"யாருக்கு வரல? எனக்கா?" மனிதர் எழுந்தே நின்றுவிட்டார். "உங்க டிராக்டர் பொறக்கறதுக்கு முன்னாடிலேருந்து கடையறேன்! குடுங்க தண்டை!"

தண்டைக் கையில் வாங்கி முனையில் அளவுக் கருவியை மாட்டியவர், மறுபடி ஒருமுறை அளந்தார். பெரியவளுக்கு அந்த இரண்டாவது அளவு பிடிக்கவில்லை.

"என்னண்ணே?"

"புஷ் மட்டும் தேயல. தண்டும் தேய்ஞ்சிருக்கு. இங்க பாருங்க, முனை ஒல்லியாயிடுச்சு. புது புஷ் போட்டாலும் ஆடும்."

வேலையை விட்டுவிட்டு வந்து நின்ற சின்னவளின் முகம் பெரியவளின் கண்முன் வந்தது. பேக்கரியில் அவள் இடத்துக்கு மறுநாளே வேறு ஒருத்தியை வைத்துவிட்டார்கள். திரும்பிப் போக அங்கே இடம் இல்லை.

"வழியே இல்லையா?"

"வழி இல்லேன்னு சொன்னேனா? தேய்ஞ்ச இடத்துல வெல்டு ஏத்தி, அதைக் கடைஞ்சு அளவுக்குக் கொண்டுவரணும். ஆனா அவசரப்படுத்தக்கூடாது. நின்னு தலைக்கு மேல மூச்சு விட்டீங்கன்னா நான் செருப்பு தைக்கப் போயிடுவேன்."

"மூச்சே விடமாட்டேன்."

சொன்னபடியே செய்தாள். ஓரத்திலிருந்த டின்மேல் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெல்டிங்கின் நீல வெளிச்சம் சுவரில் துள்ளியது. பிறகு லேத் சுற்ற ஆரம்பித்தது. வெண்கலச் சீவல் சுருள் சுருளாக, பொன்னிறத்தில், தரையில் உதிர்ந்தது. அதை மட்டும் பார்க்கலாம் என்று தனக்குத்தானே அனுமதி கொடுத்துக்கொண்டாள். வெயில் ஷட்டருக்கு அடியில் நகர்ந்து நகர்ந்து அவள் கால்வரைக்கும் வந்தது. லேத்துக்காரரின் கைப்பேசி அடித்தது. "அவசர வேலை, வர நேரமாகும்!" என்று சந்தோஷமாகக் கத்திவிட்டு வைத்தார். நீண்டுபோன ஓட்டையின்மேல் தடிமனான ஒரு வாஷரை வைத்து வெல்டு செய்து, அதையும் வட்டமாக்கிக் கொடுத்தார்.

கடைசியில் தண்டின் முனையில் புதுப் புஷ்ஷை மாட்டி, அவள் கையில் வைத்தார். வழவழவென்று சுற்றியது. ஆட்டிப் பார்த்தாள். மூச்சுப் போக இடமில்லை.

"அண்ணே," என்றாள். தண்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"போங்க, போங்க. புல்லு வளர்ந்துட்டிருக்கு."

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சின்னவள் வாசலிலேயே நின்றிருந்தாள். கத்திகள் கூர் செய்யப்பட்டு வரிசையாக இருந்தன. டயர்களில் காற்று சரியாக இருந்தது. கொட்டகைத் தரையையே கழுவி வைத்திருந்தாள். பதற்றம் வந்தால் கழுவுகிற ஆள் அவள்.

புதுப் புஷ்ஷைத் துளைக்குள் தட்டி இறக்கினார்கள். தண்டை நுழைத்தார்கள். ஒரு மெல்லிய "களுக்" கேட்டது, அவ்வளவுதான். சின்னவள் கிரீஸ் துப்பாக்கியை இடப்பக்க மூக்கில் வைத்து அழுத்தினாள். அழுத்த அழுத்த, பழைய கறுப்பெல்லாம் வெளியேறி, தண்டைச் சுற்றிப் புதுக் கிரீஸ் மோதிரம் மாதிரி எட்டிப் பார்த்தது. பாவாடையைத் தள்ளி உள்ளே கொண்டுவந்து மாட்டினார்கள். பெரியவள் சாவியைப் போட்டு, நெம்புகோலை இழுத்தாள். பாவாடை மேலே எழுந்தது.

கோணலாக எழுந்தது. இப்போது இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் இறங்கி நின்றது!

"அய்யோ, மாறிப்போச்சே!" என்று சின்னவள் அலறினாள்.

பெரியவளுக்கும் ஒரு நொடி திக்கென்றது. அடுத்த நொடி சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"மாறத்தான்டி செய்யும்! நீயும் நானும் சேர்ந்து எவ்வளவு திருகி வச்சிருக்கோம்? அவ்வளவையும் அவிழ்க்கணும்ல?"

இன்ஜினை நிறுத்தி, டெக்கைக் கட்டைமேல் உட்கார வைத்துவிட்டு அவிழ்த்தார்கள். தையல் இஞ்ச் டேப்பை எடுத்து, கத்தி முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்தார்கள். ஒருத்தி திருக, இன்னொருத்தி அளவு சொன்னாள். "இன்னும் விடு." "போதும், போதும், கொஞ்சம் ஏத்து." "அவ்வளவுதான், தொடாத!" இந்த முறை ஒருவர் கண் எதிரே ஒருவர் திருகினார்கள். இரண்டு பக்கமும் ஒரே எண் வந்தபோது சின்னவள் டேப்பை மாலையாகப் பெரியவளின் கழுத்தில் போட்டாள். அதைக் கழற்றக்கூட நேரமில்லாமல் பெரியவள் டிராக்டரைத் தெருவில் இறக்கினாள். சின்னவள் ஸ்கூட்டரில் ஹார்ன் அடித்துக்கொண்டே பின்னால் வந்தாள். தெருவே ஊர்வலம் பார்க்கிற மாதிரி ஜன்னலைத் திறந்தது. "டிராக்டரக்கா, மாலையெல்லாம் போட்டுக்கிட்டு எங்க?" என்று யாரோ கேட்டார்கள். "மொட்டை போட்ட இடத்துக்கு!" என்று கத்தினாள் அவள்.

மத்தியானத்துக்குச் சற்று முன்னால் மைதானத்தில் முதல் கோட்டை ஓட்டியபோது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பயம். கோடியில் நின்று, கண்ணை மூடி, பிறகு திரும்பினாள். புல் ஒரே மட்டத்தில், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலப் படுத்திருந்தது. இரண்டாவது கோட்டில் பாட ஆரம்பித்தாள். பாதியில் சின்னவளிடம் வண்டியைக் கொடுத்தாள். சின்னவளும் நூல் பிடித்த மாதிரி ஓட்டினாள்.

செயலாளர் குடையோடு வந்தார். அவருக்குப் பின்னால், சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு, கோடு போடுகிறவர். செயலாளர் ஒரு பந்தை வாங்கி உருட்டினார். பந்து குதிக்காமல், தயங்காமல், நேராக ஓடியது. இன்னொரு திசையில் உருட்டினார். அதுவும் ஓடியது. தலையை மெல்ல ஆட்டினார். பிறகு குடையின் நுனியால் ஓரத்தைக் காட்டினார்.

"இது?"

நேற்றைய மொட்டைப் பட்டை. கோடு வரும் இடத்துக்குச் சற்று உள்ளே, மண் தெரிய, அப்படியே கிடந்தது. இயந்திரத்தைச் சரி செய்யலாம், வெட்டிய புல்லை எப்படி ஒட்டுவது? காலையிலிருந்து ஓடிய ஓட்டத்தில், இதற்கு என்ன செய்வது என்று பெரியவள் யோசிக்கவே இல்லை.

"பொண்ணுங்க இதுல வழுக்கி விழுந்தா யாரு பொறுப்பு?" என்றார் செயலாளர்.

சின்னவள் டிராக்டரை அணைத்துவிட்டுக் குதித்து இறங்கினாள்.

"சார், கேக் ஓரம் கருகிடுச்சுன்னா பேக்கரியில தூக்கியா போடறோம்? ஓரத்தை வெட்டிட்டு, மிச்சத்தை நடுவுல வச்சுத் தர்றோம். அந்தப் பக்கம் பாருங்க, எவ்வளவு இடம் சும்மா கிடக்கு. அதையும் சேர்த்துத்தான் வெட்டியிருக்கேன். மொத்த ஆட்டத்தையும் நாலு எட்டு அந்தப் பக்கம் தள்ளிப் போட்டா இந்த மொட்டை வெளியில போயிடும்ல?"

"ஆட்டத்தைத் தள்றதா!" கோடு போடுகிறவர் சுண்ணாம்பு வண்டியை விட்டுவிட்டார். "நான் கோல் கம்பத்தை வச்சுத்தாம்மா கோடு போடுவேன். கம்பத்தை யாரு நகர்த்தறது?"

"சக்கரம் வச்ச கம்பம்தானே? நான் நகர்த்தறேன்," என்று சொல்லிவிட்டுச் சின்னவள் நடக்கவே ஆரம்பித்துவிட்டாள்.

செயலாளர் குடையைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார், யோசித்தார். கடைசியில் அவர் வாய் ஓரம் லேசாகக் கோணியது. சிரிப்பாக இருக்கலாம்.

"அகலம் குறையாம பார்த்துக்குங்க," என்றார் கோடு போடுகிறவரிடம்.

அதற்குள் அணிப் பெண்கள் பைகளோடு வந்து இறங்கிவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் பைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். "ஏலே... ஹை!" என்று ஒரு பக்கக் கம்பத்தை ஓர் அணியும் மறுபக்கத்தை மற்ற அணியும் போட்டி போட்டுத் தள்ளின. சின்னவளின் தோள்கள் அத்தனை பேருக்கும் நடுவில் முன்னால் இருந்தன. செயலாளர்கூடக் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு கை கொடுத்தார். வெள்ளைக் கோடு மொட்டைப் பட்டைக்கு உள்பக்கமாக, பச்சையின்மேல் நேராக இறங்கியது.

"அடுத்த வாரம் எந்த நாள் வருவீங்க?" என்றார் செயலாளர், ஒன்றும் நடக்காதது போல.

"திங்கள்," என்றாள் பெரியவள். "வியாழன்," என்றாள் சின்னவள். இருவரும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரெண்டு பேரும் பேசிட்டுச் சொல்றோம் சார்," என்றாள் பெரியவள்.

விசில் ஊதியது. ஆட்டத்தின் விதிகள் பெரியவளுக்குத் தெரியாது. எந்த அணி எது என்பதும் புரியவில்லை. ஆனால் பந்து புல்லின்மேல் வழுக்கிக்கொண்டு ஓடிய ஒவ்வொரு முறையும், யார் காலில் இருந்தாலும் சரி, கழுத்தில் டேப் ஆட எழுந்து நின்று, "போ, போ, போ!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.